மூன்றேகால் கிலோ

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னைத் தூங்கவிடாமல் உதைக்கும் அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். இந்த வார்த்தையை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். ஏனென்றால் இரண்டு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் என் கை தானாகவே சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும், திரும்பிப் பார்க்காது. இன்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சுகம்தான், ஆனால் அதற்குப் பின்னால் சில பக்கம் கதை இருக்கிறது, அதையும் சேர்த்துப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் உன் குரல் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டு நல்லா இருக்கேன்மா என்று சொல்லிவிடுகிறது, அதற்குப் பிறகு எப்படி மாற்றிப் பேசுவது. காகிதம்தான் நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து, காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில் நீ திட்ட வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டி முடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம். உன் பிரசவத்துக்கு வந்து இருக்க எனக்கு லீவு தர முடியாது என்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொல்லிவிட்டதாக இரண்டு மாதம் முன்னால் எழுதினேனே, அது சுத்தப் பொய். அவர் மறுக்கவில்லை, நான் கேட்கவே இல்லை. அந்த அம்மாள் பேரில் எந்தத் தப்பும் கிடையாது. நான் எழுதியதை நம்பிவிட்டு நீ பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் அப்படியே கிடந்திருக்கும். ஆனால் நீ என் பெண் இல்லையா, சும்மா இருப்பாயா. என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடாமல் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு, சலவைக்கூடத்து சூப்பர்வைசர் என்று போட்டு ஒரு கடிதம் அனுப்பிவிட்டாய்.

மூன்று வாரம் முன்னால், காலையில் முதல் சுற்று விரிப்புகளை மடித்து முடித்த நேரம், கண்ணாடித் தடுப்புப் போட்ட அவருடைய அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் உன் கையெழுத்தில் ஒரு உறை கிடந்தது. உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அது இரண்டாவது தடவை, முதல் தடவை உங்கம்மா போன செய்தியைச் சொல்வதற்காக என்னை அங்கே உட்கார வைத்தார்கள். உங்க பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருக்கா, என்னைக் கல்நெஞ்சக்காரின்னு ஒரு இடத்துலயும் எழுதலை, ஆனா படிச்சு முடிச்சா எனக்கே அப்படித்தான் தோணுது என்று சொல்லிவிட்டு லீவு ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டார். நீங்க எப்பக் கேட்டீங்க, நான் எப்ப இல்லேன்னேன், காட்டுங்க பாக்கலாம் என்றார். நான் என்னத்தைக் காட்டுவது. திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். எனக்கு அம்மா இல்லை, இங்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை, அப்பா வந்தால் போதும், அவர் ஒரு வேலையும் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி இடத்தில் அவர் குரலே கொஞ்சம் இறங்கிப்போனது. குட்டிம்மா, ஏழு மாதமாக ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோம், ஒரு நாளாவது பயம் என்ற சொல் உன் வாயில் வந்திருக்கிறதா. நான் பாத்துக்கறேன்பா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க என்றுதான் சொல்வாய். முன்பின் பார்த்தறியாத ஒரு மனுஷிக்கு நீ எழுதிய கடிதத்திலிருந்து, என் பெண்ணுக்குப் பயம் என்று எனக்குத் தெரியவருகிறது. நீ அங்கே நல்லா இருக்கேன் என்று சொல்ல, நான் இங்கே நல்லா இருக்கேன் என்று சொல்ல, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நடித்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க, அறுபத்தொரு வயது ஆள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் கேக்கலை, சும்மா சொல்லுங்க என்றார். கை, என்றேன்.

கை என்றால் கை மட்டும் இல்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வலது கட்டைவிரலின் அடிமூட்டில் ஆரம்பித்தது. அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு இடது முழங்காலுக்குப் போனது, அங்கிருந்து தோள்பட்டை, திரும்பவும் கட்டைவிரல், வாடகை கொடுக்காத ஆள் அறை அறையாக மாறிக்கொண்டிருப்பதுபோல. காலையில் எழுந்ததும் விரல் பத்தும் மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கின்றன. சட்டைப் பொத்தானுக்கே பத்து நிமிஷம். வீட்டில் எந்த டப்பாவின் மூடியையும் நான் இப்போது இறுக்கி மூடுவதில்லை, சும்மா மேலே வைத்துவிடுகிறேன், சர்க்கரை டப்பாவில் எறும்பு குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டது. மூன்றாவது மாடிக்கு நாற்பத்திரண்டு படி, முப்பதாவது படியில் முழங்கால் டக்கென்று ஒரு சத்தம் போடும், அந்த இடத்தில் வலி இருக்காது, ஆஜர் சொல்வதோடு சரி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு எவனாவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வருவானா, நான் வந்தேன். வலிக்கு ஒரு பேர் இருந்தால் அதையாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் பார்த்த டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே வயசாச்சு இல்லையா என்றார். வயதைத் தெரிந்துகொள்ள அவரிடம் போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அதனால் இரண்டாவது தடவை போகவில்லை.

அப்புறம் பார்த்தது ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு மூட்டாகத் தொட்டு, மடக்கி, நீட்டி, அரை மணி நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, உங்களுக்கு வலி இருக்குன்னு நான் நம்பறேன், ஆனா ஏன் வருதுன்னு எனக்குத் தெரியலைங்க என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண்ணுக்கு நான் வாழ்நாளெல்லாம் நன்றி சொல்வேன். நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை என்று ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார் பார், அன்று படியேறும்போது முழங்கால்கூடப் பாதி பாரம்தான் இருந்தது. விரலைச் சும்மா போட்டு வெக்காதீங்க, காலையில வெந்நீர்ல வெச்சு மெதுவா மடக்கி நீட்டுங்க, கனமானதை ஒத்தை ஆளாத் தூக்காதீங்க, வீக்கமோ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே வாங்க, இல்லேன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க என்று சொல்லி அனுப்பினார். ஒழுங்காகச் செய்துகொண்டு வருகிறேன். வேலையும் என் கைக்குத் தோதாக அமைந்தது என் அதிர்ஷ்டம்தான். காலையில் ட்ரையரிலிருந்து தலையணை உறைகளின் முதல் கூடை இறங்கும்போது நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன், அந்தச் சூட்டுக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை புதைத்து ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், அடடா, அந்தச் சுகத்தை எந்த மருந்துக் கடையிலும் விற்க மாட்டார்கள். யாராவது பார்த்தால் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

சரி, இதற்காகவா வர மாட்டேன் என்றீர்கள் என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. நீ போனில், பொறந்ததும் முதல்ல உங்க கையிலதான்பா குடுப்பேன் என்று சொன்னாயே, அதற்கு மறுநாள் நடந்தது இது. பிறந்த குழந்தைகளைச் சுற்றுவதற்கான சின்னச் சுற்றுத்துணிகள் பிரசவ வார்டிலிருந்து எங்களிடம்தான் வரும், மடித்து இருபது இருபதாக அடுக்கி அலமாரியில் வைப்போம். ஒரு அடுக்கை இரண்டு கையாலும் தூக்கினேன். கட்டைவிரலில் சுருக்கென்று ஒன்று, கை திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. இருபது துணியும் தரையில் கிடந்தன. யாரோ சிரித்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், எடுத்துத் திரும்பவும் துவைக்கப் போட்டோம், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. ஆனால் குனிந்து அந்தத் துணிகளைப் பொறுக்கும்போது என் கண்ணுக்குத் தெரிந்தது துணி இல்லை. அதை நான் இங்கே எழுத மாட்டேன், உனக்குப் புரியும். அன்று வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். உன் பிள்ளையை என் கையிலிருந்து காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்தக் கையை அங்கே கொண்டு வராமல் இருப்பதுதான் என்று நினைத்தேன். உன் பக்கத்தில் இல்லாமல் போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை, அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

இந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் குண்டாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நேற்று அவ்வளவோடு விரல் போதும் என்றது, இன்று காலை பேனாவில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வித்தைதான். இனிமேல்தான் நீ ரேடியோ மாமாவைப் பற்றிப் படிக்கப்போகிறாய். சின்ன வயதிலிருந்து அவரை நீ பார்த்திருக்கிறாய், காலை எட்டு மணிக்கு வாயைத் திறந்தால் ஷிப்டு முடியும்போதுதான் மூடுவார், அதனால்தான் அந்தப் பேர். இருபத்திரண்டு வருடமாக மடிக்கிற மேஜையில் நானும் அவரும்தான் ஜோடி. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வந்ததும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, பாதியாக்கி, பிறகு ஒருவர் தன் முனைகளை நடந்து கொண்டுவந்து மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். நடக்கிற பக்கம், நிற்கிற பக்கம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நடக்கிற பக்கத்து ஆள் ஒரு நாளைக்கு நானூறு தடவை குனிந்து நிமிர வேண்டும். அது எப்போதும் என் பக்கம், ஏனென்றால் அவர் என்னைவிட ஒரு சாண் உயரம், அவர் முதுகுக்குக் கீழே வரவே நேரமாகும்.

எட்டு மாதம் முன்னால் ஒரு நாள் திடீரென்று வந்து, எனக்குச் சர்க்கரை வந்திருச்சுப்பா, டாக்டர் நல்லா நடக்கச் சொல்லிட்டார், இனிமே நடக்கிற பக்கத்தை எனக்குக் குடுத்துடு என்றார். எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி, என் முழங்காலைப் பற்றி நான் வாயைத் திறக்காமலே பக்கம் மாறிவிட்டது. வெளியே அவருக்காக ரொம்ப வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டதோடு விட்டேனா, அதுதான் இல்லை, உங்கப்பாவைத் தெரியாதா உனக்கு. கேன்டீன்காரம்மாவிடம் போய், இவர் டீயில் இனி ஒரு பொட்டுச் சர்க்கரை விழக்கூடாது என்று கறாராகச் சொல்லி வைத்தேன். அவர் டீயை நானே வாங்கி, ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். யாராவது பிஸ்கட் நீட்டினால் நடுவில் கையை நீட்டி நான் வாங்கிக்கொள்வேன். போதாததற்கு மத்தியானம் சாப்பிட்டதும் கட்டடத்தைச் சுற்றி ஐந்து சுற்று நடக்க விட்டு, வாசலில் நின்று சுற்றை எண்ணினேன், நாலு சுற்றில் ஏமாற்றப் பார்த்தால் திருப்பி அனுப்பினேன். எட்டு மாதம், குட்டிம்மா. டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த மனுஷன்.

அன்று கை என்று நான் சொன்னதும் சூப்பர்வைசர் அம்மா முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது எனக்கு எட்டு மாசமாவே தெரியும் என்றார். உங்க ஜோடிதான் வந்து சொன்னார், அவர் முழங்கால் மடங்க மாட்டேங்குது, கேட்டா ஒத்துக்க மாட்டார், நான் பக்கத்தை மாத்திக்கறேன், ஈரத்துணிக் கூடை தள்ளுற வேலையையும் வேற ஆளுக்குப் போட்டுடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டார் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சர்க்கரைக்காக நடக்கறேன்னுதானே சொன்னார் என்றேன். யாருக்குச் சர்க்கரை, என் பிறந்தநாளுக்கு வெட்டின கேக்குல நீங்க வார்டுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து மூணு துண்டு சாப்பிட்டது யாருன்னு நினைக்கிறீங்க என்றார். நான் எழுந்து வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ரேடியோ பேசாமல் நின்றது. உனக்குச் சர்க்கரை இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்ப எட்டு மாசமா அந்தக் கசப்பை எதுக்குய்யா குடிச்சே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா நீ உன் பக்கத்தைத் திருப்பிக் கேப்பே, ஒவ்வொரு தடவையும் குனியறப்போ உன் மூஞ்சி போற போக்கை எதிர்ல நின்னு பாக்க முடியலைப்பா, டீதானே, கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா வெயில்ல அஞ்சு சுத்து நடக்க வெச்சியே, அதுக்கு உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கூடப் பிறந்தவன் இல்லையே என்று உங்கம்மாவிடம் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் உன் விஷயத்தை, துணி விழுந்ததை, என் பயத்தை, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். இவ்வளவுதானே, பொய் சொல்ல வேற காரணமே கிடைக்கலையா உனக்கு என்று சொல்லிவிட்டு, அந்த நேரம் பார்த்துத் துணி எடுக்க வந்த பிரசவ வார்டு நர்ஸம்மாவை நிறுத்தி, கட்டடத்துக்கே கேட்கிற குரலில், பொறக்கற பிள்ளை எத்தனை கிலோ இருக்கும்மா என்று கேட்டார். மூணு, மூணேகால்னு வெச்சுக்கங்க என்றார் அவர். உடனே ரேடியோ சோப்புத்தூள் நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து வைத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார், ஆறு குளியல் துண்டும் ஒரு கைத்துண்டும் சேர்ந்தபோது முள் மூன்றேகாலில் வந்து நின்றது. எல்லாவற்றையும் உருட்டி ஒரு சுற்றுத்துணியில் பிள்ளை மாதிரியே சுற்றி என் கையில் கொடுத்தார். நான் பத்து விரலாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பதைப் பார்த்து நர்ஸம்மா சிரித்துவிட்டார். நீங்க என்னங்க குடத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கறீங்க, விரலுக்கு இங்க வேலையே இல்லை, தலை முழங்கை மடிப்புல, முதுகு முன்கை மேல, அப்படியே நெஞ்சோட சாய்ச்சுக்கங்க என்று என் கையை அவரே திருத்தி வைத்தார். வாங்கறதும் உக்காந்து வாங்குங்க, குடுக்கறதும் உக்காந்து குடுங்க, பெத்த பொண்ணுங்க எத்தனை பேருக்கு மணிக்கட்டு வலி வருது தெரியுமா, அவங்களுக்கும் நாங்க சொல்லித்தர்றது இதேதான் என்றார். இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள்.

அன்றிலிருந்து தினமும் டீ நேரத்தில் பதினைந்து நிமிஷம் மூட்டையும் கையுமாக மடிக்கிற மேஜையைச் சுற்றி வருகிறேன். முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. பால் குடிச்சாச்சா என்று ஒருவர் கேட்பார், மூக்கு அப்படியே தாத்தா மாதிரி என்று இன்னொருவர், கேன்டீன்காரம்மா எட்டிப் பார்த்து நல்ல அமைதியான பிள்ளை என்பார். ஐந்தாவது நாள் ஜன்னல் பக்கம் திரும்பும்போது கட்டைவிரலில் அதே சுருக். விரல்கள் விட்டுவிட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன், தரையில் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் மூட்டை வைத்த இடத்தில் வைத்தபடி முன்கை மேல் நெஞ்சோடு சாய்ந்து கிடக்கிறது, விரல்கள் மட்டும் ஒரு பக்கமாகத் தொங்குகின்றன. எல்லோரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்கிறார்கள். விழலை என்றார் ரேடியோ. அப்போதே உனக்குப் போன் செய்திருப்பேன், ஆனால் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அதனால்தான் கடிதம்.

உன்னிடம் ஒன்று சொன்னதில்லை. நீ பிறந்தபோது பதினொரு நாள் நான் உன்னைத் தூக்கவே இல்லை. அப்போது என் கை இரண்டும் இரும்பு மாதிரி இருந்தன, ஒரு மூட்டிலும் ஒரு குறை கிடையாது, ஆனாலும் பயம். கிட்டே வந்து பார்ப்பேன், தொடுவேன், யாராவது இந்தா என்று நீட்டினால் எனக்குச் சட்டென்று வேறு வேலை வந்துவிடும். பன்னிரண்டாவது நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது உங்கம்மா பேசாமல் வந்து, பேப்பரை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, உன்னை என் முன்கையில் கிடத்தி, நான் தலைக்குக் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் இருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் ஆக்கினாள், வேண்டுமென்றேதான். எனக்கு மூக்கு அரித்தது, சொறியவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இந்த மூன்று வாரமாக அதை நினைத்துப் பார்க்கிறேன். இப்போது வந்ததும் அதே பயம்தான், மூட்டு வலி அதற்கு ஒரு நல்ல சாக்காகக் கிடைத்துவிட்டது.

அதனால் வருகிறேன். இரண்டு மாத லீவு, சூப்பர்வைசர் அம்மா நான் விண்ணப்பம் எழுதி முடிக்கும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வந்து இறங்குவேன், டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். ஆனால் என்னால் என்ன முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து நல்லா இருக்கேன் என்று மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். ஈரப் பிள்ளையை நான் தூக்க மாட்டேன், குளிப்பாட்டுவது மாப்பிள்ளை பாடு, நான் துண்டை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். பிள்ளையோடு படி ஏறி இறங்க மாட்டேன். காலையில் ஒரு மணி நேரம் என் விரல்களை நம்பாதே, வெந்நீரில் வைத்து எடுத்தபிறகு கொடு. மற்றபடி சமைப்பேன், துவைப்பேன், நீ தூங்கும்போது உட்கார்ந்தபடி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அவனையோ அவளையோ வைத்திருப்பேன். சுற்றுத்துணி மடிப்பதில் உங்கள் ஊரில் என்னை அடிக்க ஆள் இருக்காது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு குறை சொல்ல வேண்டும், நான் ஒரு குறை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு. ஒத்துக்கொள்கிறாயா. இந்த வாரம் என் குறை கழுத்து. உன்னுடையதை யோசித்து வை, கால் வீக்கம் என்றால் மறைக்காமல் சொல், டாக்டரிடமும் அன்றே சொல்லிவிடு.

வலி போய்விட்டதா என்றால் இல்லை, இதை எழுதும்போதும் கட்டைவிரலில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, எப்போது போகும் என்றும் தெரியாது. ஆனால் அது வந்ததனால்தான் எனக்காக ஒருத்தர் எட்டு மாதம் கசப்பு டீ குடித்தார் என்று தெரிந்துகொண்டேன், என் பெண் என்னை எவ்வளவு தேடுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். இந்த வலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல மறந்துவிட்டேனே, உண்மை வெளியே வந்த மறுநாள் ரேடியோவுக்கு நானே என் கையால் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்துவிட்டார். என் நாக்கையே கெடுத்து வெச்சுட்டே, பாயசமா இது, பழைய டீயைக் கொண்டா என்றார். இப்போதும் சர்க்கரை இல்லாமல்தான் குடிக்கிறார், மத்தியானம் நான் சொல்லாமலே ஐந்து சுற்று நடக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே.

நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நலமாக இருக்க உங்கம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், நான் வருவதை நினைத்து அவர் வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம், கை வைத்த நாற்காலி ஒன்று மட்டும் தேடி வைக்கச் சொல், அது முக்கியம். என்னைக் கூட்டிப்போக வரும்போது என் பெட்டியில் நீ கை வைக்கக்கூடாது. அடுத்த தடவை ஸ்கேன் பார்க்கும்போது எடை கூடுதல் என்று சொன்னால் உடனே தெரியப்படுத்து, இன்னொரு கைத்துண்டு சேர்த்துப் பழகிக்கொள்கிறேன். கிளம்புகிற அன்று மூட்டையைப் பிரித்துத் துண்டுகளை அலமாரியில் அடுக்கிவிடுவேன். அந்தச் சுற்றுத்துணியை எனக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் அம்மா, ரிஜிஸ்டரில் கிழிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார், ஒரு நூல்கூடப் பிரியாத துணி அது, பொய் சொல்வதில் நாங்கள் யாரும் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொண்டு வருகிறேன். துணி காலியாகத்தான் வரும், உள்ளே வைக்க வேண்டியதை நீ கொடு.

மூன்றேகால் கிலோ வரை பொறுப்பேற்றுக்கொள்ளும்,
உன் அப்பா